ஒரு 1974 ஸ்ட்ராட்டோகாஸ்டரின் பழைய உருவம்

இரண்டு ஆண்டுகளாக என் சனி, ஞாயிறுகளை விழுங்கிக்கொண்டிருந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரின் வேலை சென்ற வாரம் ஒருவழியாக முடிந்தது. கலிபோர்னியாவில் நான் குடியிருக்கும் வீட்டிலிருந்து, அது செய்யப்பட்ட ஃபுல்லர்ட்டன் நகரம் காரில் முக்கால் மணி நேரம்தான். ஐம்பது ஆண்டுகளில் கிட்டார் அதைத் தாண்டி நெடுந்தூரம் போனதாகத் தெரியவில்லை. காலமான தன் அண்ணனுடையது என்று சொல்லி விற்றவர், கை வைக்கப்படாத ஒன்றுக்குக் கேட்கும் விலையில் பாதிகூடக் கேட்கவில்லை. காரணம் பார்த்தவுடனே தெரிந்தது. கம்பிகள் உடலில் வந்து முடியும் பாலத்தின் அருகே இருந்த, கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் ஒற்றைச் சுருள் பிக்கப்பை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இரட்டைச் சுருள் ஹம்பக்கர் ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். அதற்காக உடலின் முகப்பை மூடும் வெள்ளை பிளாஸ்டிக் தகடான பிக்கார்டை வெட்டி, அடியிலிருந்த ஆஷ் மரத்தையும் உளியால் குடைந்திருந்தார்கள். போதாக்குறைக்கு ஒரு சின்ன டாகிள் சுவிட்ச், பிக்கப்புகளைத் தேர்ந்தெடுக்கும் ஐந்து நிலைச் சுவிட்ச், கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் பித்தளை நட் என்று அந்தக் காலத்து மோஸ்தர் அத்தனையும் அதில் ஏறியிருந்தது.

அந்த அண்ணனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1965இல் ஒளிபரப்பு நிறுவனமான சிபிஎஸ் ஃபெண்டரை வாங்கிய பிறகு வந்த கிட்டார்களை வாசிப்பவர்கள் வெகுகாலம் இளக்காரமாகவே பார்த்தார்கள். கழுத்தை உடலோடு இணைத்த நான்கு திருகுகள் 1971இன் இறுதியில் மூன்றாகக் குறைந்ததைச் சொல்லிச் சொல்லிச் சலித்துக்கொண்டார்கள். 1980களில் அது வெறும் பழைய கிட்டார். பிற்காலத்தில் ஒருவன் பூதக்கண்ணாடியோடு வந்து உட்காருவான் என்று நினைத்து யாரும் உளியைக் கீழே வைத்திருக்க முடியாது. மேலும், ஒற்றைச் சுருள் பிக்கப் மின்கம்பியின் இரைச்சலையும் சேர்த்து வாங்கி முழங்கும் என்பதும், எதிரெதிராகச் சுற்றிய இரண்டு சுருள்கள் அந்த இரைச்சலை ஒன்றுக்கொன்று தின்றுவிடும் என்பதும் உண்மைதானே. சத்தமாக வாசிக்க விரும்பிய ஒருவர் தனக்கு வேண்டியதைச் செய்துகொண்டார், அவ்வளவுதான்.

முதலில் வயதை உறுதி செய்ய வேண்டியிருந்தது. கழுத்துத் தகட்டின் வரிசை எண்ணை மட்டும் நம்பி ஆண்டைச் சொல்ல முடியாது; தகடுகள் தொழிற்சாலையில் எண் வரிசைப்படி எடுக்கப்படவில்லை. ஒலியளவையும் தொனியையும் கூட்டிக் குறைக்கும் குமிழ்களுக்கு அடியிலுள்ள பொட்டென்ஷியோமீட்டர்களின் முதுகில் குத்தியிருக்கும் எண்கள்தான் கூடுதலாகப் பேசும். ஒலியளவுக்கானதை மாற்றிவிட்டிருந்தார்கள், ஆனால் தொனிக்கான இரண்டும் பழையவை. அவற்றில் 1377423 என்று இருந்தது. 137 என்பது அவற்றைச் செய்த சிடிஎஸ் நிறுவனத்தின் குறி, 74 ஆண்டு, 23 வாரம். கிட்டார் அந்த வாரத்துக்கு முன்பு பிறந்திருக்க முடியாது என்பதுதான் இதன் பொருளே தவிர, அந்த வாரத்தில் பிறந்தது என்பதல்ல. அவற்றின் சால்டர் முனைகள் யாரும் தொடாமல் மங்கிக் கிடந்தன. பழைய கிட்டார்களில் அந்த மங்கலுக்கும் மதிப்பு உண்டு என்பதால், அவற்றின் பக்கம் சூட்டுக்கோலைக் கொண்டுபோகக் கூடாது என்று அன்றே முடிவு செய்துகொண்டேன்.

அதிர்ஷ்டம் கிட்டார்ப் பெட்டிக்குள் இருந்தது. கம்பிகளும் பிக்குகளும் வைக்கும் சிறு அறையில், ஒரு காலுறைக்குள் சுருட்டி, கழற்றப்பட்ட பிக்கப்பும் மூன்று நிலைச் சுவிட்சும் பத்திரமாக இருந்தன. அண்ணன் எதையும் தூக்கிப் போடாத மனிதர். ஆனால் மல்டிமீட்டரை வைத்தபோது பிக்கப்பில் உயிர் இல்லை. எங்கோ கம்பி அறுந்திருந்தது. புதிதாகச் சுற்றித் தருகிறேன் என்றார் ஒரு பழுதுபார்ப்பவர். பழைய சுருளைச் சீவி எறிந்துவிட்டுப் புதுக் கம்பியைச் சுற்றினால் மிஞ்சுவது ஆறு காந்தங்களும் இரண்டு தகடுகளும்தான், பிறகு அதைப் பழைய பிக்கப் என்று எந்த வாயால் சொல்வது?

இந்த வகைப் பிக்கப்பில் ஆறு காந்தத் தண்டுகளை இரண்டு நார்த்தகடுகளுக்கு இடையே நிறுத்தி, அவற்றைச் சுற்றி ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுகள் சுற்றியிருப்பார்கள். அறுந்தது உள்முனையில் என்றால் கதை முடிந்தது, வெளிமுனை என்றால் பிழைக்க வழியுண்டு. கம்பியின் தடிமன் சுமார் 0.063 மில்லிமீட்டர், தலைமுடியைப் போல. மேசை விளக்கைத் தாழ்த்திப் பார்த்தபோது, வெளிமுனை கண்ணிக்கு ஓர் அரிசி நீளம் முன்னால் பச்சையாகப் பூத்து அறுந்திருந்தது. முதல் முயற்சியில் நான் மூச்சுவிட்டதில்கூட அது ஆடியது. இடுக்கியால் பிடித்தவுடன் இன்னும் ஒரு துண்டு ஒடிந்தது. மறுநாள் காலை கடைசிச் சுற்றில் பாதியை மட்டும் அவிழ்த்து, மிக நைசான உப்புத்தாளை இரண்டாக மடித்து அதனிடையே கம்பியை இழுத்து எனாமலை நீக்கினேன். அந்த எனாமல் சூட்டில் தானாக உருகி விலகாது, சுரண்டித்தான் ஆக வேண்டும். பிறகு அதே தடிமனில் வேறொரு கம்பித் துண்டை முறுக்கி இணைத்து, ஒரு பொட்டு சால்டர் வைத்தேன். மீட்டரில் 5.7 கிலோ ஓம் என்று எழுந்து நின்ற எண்ணைப் பார்த்து நான் போட்ட கூச்சலில் அடுத்த அறையிலிருந்து மனைவி ஓடிவந்தாள்.

மற்றவை பெரும்பாலும் தேடலும் காத்திருப்பும்தான். அதே காலத்து பிக்கார்டு ஒன்று எட்டு மாதம் கழித்துக் கிடைத்தது. பழைய நட் தொலைந்துவிட்டதால் எலும்பில் புதிதாக ஒன்றைச் செதுக்கினேன். விரற்பலகையின் வளைவுக்கு ஏற்ப நட்டின் அடிப்பகுதியும் வளைந்திருக்க வேண்டியிருந்ததால், இரண்டைப் பாழாக்கிய பிறகே மூன்றாவது உட்கார்ந்தது.

உளி குடைந்த பள்ளத்தை மட்டும் நான் அடைக்கவில்லை. ஆஷ் மரத்துண்டை ஒட்டி, இழைத்து, நிறம் தீட்டிவிடலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். பிக்கார்டு மூடிவிடும் இடம் அது. ஒலியில் அதனால் வேறுபாடு எதையும் என் காது கேட்கவில்லை. அடைத்தால் மரம் திரும்பி வந்துவிடாது, வந்துவிட்டது போன்ற தோற்றம்தான் வரும். அடுத்து வாங்குபவர் பிக்கார்டைக் கழற்றிப் பார்க்கும்போது நடந்தது நடந்தபடி அவருக்குத் தெரியட்டும். ஹம்பக்கர், வெட்டப்பட்ட பிக்கார்டு, பித்தளை நட் எல்லாவற்றையும், என்னென்ன மாற்றினேன் என்று எழுதிய தாளோடு, அதே காலுறையின் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

மூன்று நிலைச் சுவிட்சைத் திரும்ப மாட்டுவதில்தான் தயங்கினேன். ஃபெண்டரே 1977இல் ஐந்து நிலைக்கு மாறியது. அதற்கு முன்பே வாசிப்பவர்கள் நெம்புகோலை இரண்டு நிலைகளுக்கு நடுவே நிறுத்தி, இரண்டு பிக்கப்புகளையும் சேர்த்து ஒலிக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். தவறிலிருந்து பிறந்த ஒலியை யாரும் திருத்த விரும்பாத கதைகள் கிட்டார் உலகில் உண்டு. ஃப்ளீட்வுட் மேக் குழுவின் கிட்டார் கலைஞர் பீட்டர் கிரீனின் 1959 கிப்சன் லெஸ் பால் கிட்டாரில் ஒரு பிக்கப்பின் காந்தம் தலைகீழாக இருந்ததால் வந்த மூக்கொலியைத்தான் பிறகு எல்லோரும் துரத்தினார்கள். ஆனாலும் பழைய சுவிட்சையே மாட்டினேன். இரண்டு நிலைகளுக்கு நடுவே நெம்புகோல் தானாக நின்றது. அண்ணனின் விரல் அங்கே ஏற்கெனவே தேய்த்து வைத்திருந்தது.

இன்னும் இல்லாதது பாலத்தை மூடும் குரோம் மூடி ஒன்றுதான். உள்ளங்கையால் கம்பிகளை அடக்கி வாசிக்க அது இடைஞ்சல் என்று, வாங்கிய அன்றே கழற்றிச் சாம்பல் கிண்ணமாக வைத்துக்கொண்டவர்கள்தான் அதிகம். அதற்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இணையத்தில் ஒன்று விற்பனைக்கு இருப்பதாக நண்பர் சுட்டி அனுப்பியிருக்கிறார். நான் வாங்கப்போவதில்லை.