பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு பழைய டேனரி நிலம்: வில்லங்கம் பார்த்ததிலிருந்து லாரி ஏற்றியது வரை

பேரணாம்பட்டு வட்டத்தில், ஆந்திர எல்லைக்கு இந்தப் பக்கம், மூடிப் பல வருடமான ஒரு டேனரி, அதாவது தோல் பதனிடும் ஆலை, இருந்த நிலம். கிடங்கு கட்டுவதற்காக அதைப் பரிசோதித்து, கெட்ட மண்ணை அள்ளி அனுப்பி முடித்திருக்கிறோம். இதே மாதிரி நிலத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகிறவர்களுக்காக, எதை எந்த வரிசையில் செய்தோம், எங்கே இடறியது என்று எழுதுகிறோம்.

முதலில் காகிதங்கள். 30 வருட வில்லங்கச் சான்று, அ-பதிவேடு (சர்வே எண்வாரி நில விவரம்), புலப்பட நகல் (நில அளவைப் படம்), இவற்றோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அந்த டேனரி இயங்கக் கொடுத்த பழைய இசைவாணைகள். இசைவாணையில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: மரப்பட்டையில் பதனிட்டார்களா, குரோமில் (குரோமிய உப்பில்) பதனிட்டார்களா. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் மட்டும் என்றால் உப்பும் சல்ஃபைடும்தான் கவலை. குரோம் என்றால் வேலை வேறு. கூகுள் எர்த்தின் பழைய படங்களில் தொட்டிகளும் உப்புக் களமும் எங்கே இருந்தன என்று ஓரளவு தெரிந்தது. ஆனால் எந்தக் காகிதத்திலும் இல்லாத தகவலைத் தந்தவர் அங்கே தோல் பதனிடும் டிரம் ஓட்டிய ஒரு பெரியவர்.

“பாய், ஷேவிங் தூள எல்லாம் எங்க கொட்டுவீங்க?”

“கொட்டறதா? பின்மதில் ஓரமா குவிச்சுக் கொளுத்திடுவோம் தம்பி.”

இந்த ஒரு பதில் பரிசோதனைத் திட்டத்தையே மாற்றியது. பதனிடப் பயன்படும் குரோம் உப்பு மூன்று இணைதிறன் கொண்டது. சாதாரண மண்ணில் கரையாமல் ஒட்டிக்கொண்டு கிடக்கும். பதனிட்ட தோலைச் சீவும்போது விழும் ஷேவிங் தூளிலும் அதுதான் இருக்கும். அந்தத் தூளைக் காற்றில் எரித்தால், கூடவே சுண்ணாம்பும் இருந்தால், ஒரு பகுதி ஆறு இணைதிறன் குரோமியமாக மாறுகிறது. அது நீரில் கரையும், கிணறு வரை நகரும், புற்றுநோய் தரும். எல்லாரும் தொட்டிகளைத்தான் தோண்டிப் பார்ப்பார்கள். இங்கே ஆபத்து சாம்பலில் இருந்தது.

மாதிரி எடுத்த விதம்: திறந்த இடத்தில் 10 மீட்டர் கட்டம் போட்டோம், தொட்டி, வாய்க்கால், சாம்பல் மேடு இவற்றின் அருகில் நெருக்கமாக எடுத்தோம். ஒவ்வொரு குழியிலும் அரை மீட்டர், ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் என மூன்று ஆழம். பத்துக்கு ஒன்று இரட்டை மாதிரி, லேபுக்குச் சொல்லாமல் வேறு எண் போட்டு. மேட்டுப்பக்கம் டேனரி நீர் போகாத ஒரு வயலிலிருந்தும் மண் எடுக்க வேண்டும். ஊர் மண்ணிலேயே எவ்வளவு குரோமியம் இருக்கிறது என்று தெரியாமல் எண்களை எதோடு ஒப்பிடுவது?

லேபில் இரண்டு தவறு நடந்தது. முதல் ரிப்போர்ட்டில் மொத்த குரோமியம் மட்டும் வந்தது. ஆறு இணைதிறனுக்குத் தனியாக, காரக் கரைசலில் பிரித்தெடுக்கும் முறையில் செய்யச் சொல்லி ஆர்டரிலேயே எழுத வேண்டும். இரண்டாவது, கிணற்று நீர் பாட்டிலில் வழக்கப்படி ஆசிட் ஊற்றிவிட்டார்கள். ஆசிட் பட்டால் ஆறு மூன்றாகிவிடலாம்; ரிப்போர்ட் சுத்தமாக வரும், கிணறு அப்படியேதான் இருக்கும். வடிகட்டி, ஐஸ் பெட்டியில் 4 டிகிரியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் சோதிக்க வேண்டும். அதற்குள் போய்ச் சேரக்கூடிய லேபைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒரு செலவை மிச்சப்படுத்தலாம். மண்ணை அபாயக் கழிவாகக் கொள்வதா என்று முடிவு செய்யும் கசிவுச் சோதனையில் குரோமியத்துக்கு எல்லை லிட்டருக்கு 5 மில்லிகிராம். அந்தச் சோதனையில் ஒரு பங்கு மண்ணுக்கு 20 பங்கு திரவம். ஆகவே மொத்த குரோமியம் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழ் இருக்கும் மாதிரி, அத்தனையும் கரைந்தாலும், அந்த எல்லையைத் தாண்டவே முடியாது. அதற்குக் கசிவுச் சோதனை தேவையில்லை.

தொட்டிகளைத் திறக்கும்போது உயிர் போகும். தோலில் மயிர் நீக்கப் பயன்பட்டு, இப்போது மூடிக் கிடக்கும் சுண்ணாம்புத் தொட்டிச் சேற்றில் சல்ஃபைடு இருக்கும். கிளறினால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வரும். அழுகிய முட்டை வாடை அடிக்கிறவரை வாயு இருப்பது தெரியும். செறிவு 100 பிபிஎம்மைத் தொடும்போது மூக்கு மரத்து வாடையே நின்றுவிடும். “வாடை போயிடுச்சு, எறங்கலாம்” என்று சொல்கிற அந்த நிமிடம்தான் ஆளைக் கொல்கிறது. காற்று வரும் பக்கம் நின்று ஜே.சி.பி. பிரேக்கரால் மூடியை உடைத்து, ஒரு நாள் திறந்து போட்டு, வாயு மீட்டரைக் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி என மூன்று மட்டத்தில் பார்த்தோம். மீட்டர் என்ன காட்டினாலும் ஆள் இறங்கவில்லை. சேறு முழுவதும் இயந்திரத்தில்தான் வெளியே வந்தது.

சாம்பல் மேட்டின் மேல்மண் கழிவாகப் போனது. அடியில் குறைந்த அளவு கலந்திருந்த மண்ணை வாரியத்தின் ஒப்புதலோடு அங்கேயே அன்னபேதியால் (இரும்பு சல்ஃபேட்) சரிசெய்தோம்; அது ஆறு இணைதிறன் குரோமியத்தை மூன்றாக மாற்றும். கணக்கு இப்படி: ஒரு கிலோ ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு ஏட்டளவில் 16 கிலோ அன்னபேதி. 180 டன் மண்ணில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் இருந்தால் மொத்தம் 9 கிலோ. அதற்கு 144 கிலோ. காற்றும் சுண்ணாம்பும் பாதியைத் தின்றுவிடும் என்பதால் மூன்று மடங்கு போட்டோம். முதலில் ஒரு வாளி மண்ணில் கலந்து மூன்று நாள் விட்டுப் பார்க்க வேண்டும். அந்த மண்ணை வடிநீரில் கலக்கி வடிகட்டி, ஒரு சொட்டு அமிலமும் டைபினைல் கார்பசைடும் விட்டால், ஆறு இணைதிறன் மிச்சம் இருந்தால் நாவல்பழச் சாறு நிறம் வரும். எங்கள் முதல் வாளி நாவல் நிறத்திலேயே நின்றது. அளவைக் கூட்டிய பிறகுதான் நிறம் வரவில்லை. அன்னபேதிக் கரைசல் அமிலத்தன்மை உள்ளது. சல்ஃபைடுச் சேறு கிடக்கும் தொட்டிப் பக்கம் அதைக் கொண்டுபோகவே கூடாது, வாயு கிளம்பிவிடும்.

எந்த அளவுக்குக் கீழ் வந்தால் சுத்தம் என்பதைத் தோண்டும் முன்பே வாரியத்திடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். பிறகு கேட்டால் குழி ஆழமாகிக்கொண்டே போகும்.

அள்ளிய மண்ணை 90 நாளுக்கு மேல் வைத்திருக்க விதி இடம் கொடுக்காது. அடியிலும் மேலேயும் தடித்த ஷீட் போட்டு வைக்க வேண்டும்; மழைக்கு முன், மாசியிலேயே தோண்ட ஆரம்பித்துவிட வேண்டும். எங்கள் மண் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உள்ள அபாயக் கழிவு நிலநிரப்புக்குப் போனது. லாரிக்குக் கழிவு எடுத்துச் செல்லும் சீட்டான படிவம் 10, ஏழு நகல். பெறுபவர் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பும் நீல நகல் வரும்வரை லாரிக்காரருக்குக் கடைசித் தவணை கொடுக்கவில்லை. இதே நிலம் எல்லைக்கு அந்தப் பக்கம், வி.கோட்டையில் இருந்து, மண் கும்மிடிப்பூண்டிக்கே போக வேண்டியிருந்தால், இரண்டு மாநில வாரியங்களின் தடையில்லாச் சான்றும் வேண்டும். அதற்கான மாதங்களையும் கணக்கில் வைத்துத்தான் கிரயத் தேதி போட வேண்டும்.

உப்புக்கு மட்டும் வழி கிடைக்கவில்லை. கிணற்றில் கரைந்த உப்பு குடிநீருக்கான உச்ச வரம்பான லிட்டருக்கு 2000 மில்லிகிராமுக்கு மேலேயே நிற்கிறது. மண்ணை எடுத்தாலும் பாறை இடுக்கில் இறங்கிய உப்பு வராது. குரோமியத்துக்காக வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் அதே கிணற்றில் மாதிரி எடுத்துக்கொண்டிருக்கிறோம். கிடங்குக்குக் குடிநீர் வெளியிலிருந்து டேங்கரில் வருகிறது.