மூடிய இடைவெளி

டிரில், அதாவது மைதானத்தில் பேண்டு வாசிப்பவர்கள் யார் எப்போது எங்கே நடந்து நிற்பது என்ற வரைபடம், எழுதும் யாரைக் கேட்டாலும் ஓட்டையைப் பற்றி ஒரு கதை வைத்திருப்பார்கள். சீசன் நடுவில் ஒருவருக்கு அடிபடும், ஃபார்மில், அதாவது ஆட்கள் சேர்ந்து நிற்கிற வடிவத்தில், அவர் நின்ற இடம் காலியாகும். மூடுவதா, அப்படியே விடுவதா, மாற்று ஆளை இறக்குவதா? நடந்துகொண்டே வாசித்துப் போட்டியிடும் அமெரிக்க பேண்டுகளின் ட்ரம் கோர் உலகத்தில் இது வருடாவருடம் வருகிற வேலை. என் கதையிலும் எடுத்த முடிவில் எனக்குத் தகராறு இல்லை. அப்படி அடிபட்ட ஒரு பெண்ணிடம் ஒரே பதிலை இரண்டு தடவை சொன்னேன், ஜூனில் ஒரு முறை, ஆகஸ்டில் ஒரு முறை. முதல் தடவை அவள் முகம் தெளிந்தது. இரண்டாம் தடவை என்ன ஆனது என்றுதான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஷோவின் கடைசிப் பகுதியில் ஒரு நீண்ட வளைவு. 24 பேர், ஒற்றை வரிசை, டிரம்பெட்டும் மெலோஃபோனும் (அதுவும் ஓர் ஊதுகருவி). ஆளுக்கு ஆள் 3 ஸ்டெப். ஐந்து கஜத்துக்கு எட்டு ஸ்டெப் என்ற வழக்கமான கணக்கில் ஒரு ஸ்டெப் 22.5 அங்குலம். ஆக இருவருக்கு நடுவில் ஐந்தரை அடிக்குக் கொஞ்சம் கூடுதல். அந்தச் சந்துகளுக்குள் கான்ட்ராக்காரர்கள், தோளில் ட்யூபாவோடு, பின்பக்கமாகவே நடந்து புகுந்து வெளியே வருவார்கள். வேகம் நிமிடத்துக்கு 180, அதாவது நொடிக்கு மூன்று ஸ்டெப். திரும்பிப் பார்க்க முடியாது. தன் டாட்டையும் (தனக்குக் குறித்த இடம்) அடுத்தவன் டாட்டையும் நம்பித்தான் கால் வைக்க வேண்டும். வளைவை வரைந்தது முதன்மை டிசைனர். நான் அவருக்கு இரண்டாம் ஆள். அவர் வடிவத்தைப் போடுவார். யார் எந்த வழியாக எத்தனை கவுண்டில் போய்ச் சேருவது என்று பிரித்து எழுதுவதும், டூரில் கூடவே போய்த் திருத்துவதும் என் பாடு.

(நான் என்ன வேலை செய்கிறேன் என்று சென்னையில் யாராவது கேட்டால் அம்மா, "பேண்டுக்காரங்க நடக்கறதுக்குப் புள்ளிக்கோலம் மாதிரி ஏதோ போட்டுக் குடுக்கறான்" என்பார். கோலத்தில் புள்ளி நகராது, கோடுதான் சுற்றி வரும். இங்கே புள்ளிகளுக்குக் கால் உண்டு, அது சுளுக்கவும் செய்யும். ஆனாலும் இதைவிட நல்ல விளக்கத்தை அமெரிக்காவில்கூட யாரும் சொல்லிக் கேட்டதில்லை.)

அவள் மெலோஃபோன். வளைவின் நடுவில் பதின்மூன்றாவது ஆள். வயது 21, அதனால் அதுதான் கடைசி சீசன். அதற்கு மேல் டி.சி.ஐ. என்ற ட்ரம் கோர் போட்டி அமைப்பின் முதன்மைப் பிரிவில் இடம் கிடையாது. ஜூன் நடுவில், டூர் தொடங்குவதற்கு முன்பே, பாதத்து எலும்பில் மெல்லிய விரிசல். வெயிலில் நாள் முழுக்க நடக்கிற முகாமில் இது அபூர்வம் இல்லை. டாக்டர் பூட்ஸ் மாட்டிவிட்டு ஆறு வாரம் என்றார்.

அன்று மாலை அவள் மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்து அழுதது வலியால் இல்லை. தன்னால் ஃபார்மில் ஓட்டை விழுந்துவிட்டது, மற்றவர்கள் உழைப்பு வீணாகிறது என்பதுதான் அவள் பேச்சு. அடிபட்டவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் பேசுவார்கள், குற்றவாளி மாதிரி. நான் பக்கத்தில் உட்கார்ந்து, "கவலைப்படாதே, இரண்டு நாளில் மூடிவிடுவேன். மேலிருந்து பார்த்தால் நீ இல்லாதது தெரியவே தெரியாது" என்றேன். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நிஜமாவா?" என்றாள். நிஜமாக என்றேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் எனக்குச் சாதகமான சாட்சியாக வைத்திருக்கிறேன்.

மூடியதும் சும்மா நடக்கவில்லை. 24 பேரில் 23 இடைவெளி. ஒருவர் போனால் 22. வளைவின் இரு முனைகளும் முன்னால் வருகிற செட்டோடும் (டிரில்லில் ஒரு நிலை) பின்னால் வருகிற செட்டோடும் கட்டுண்டவை, அவற்றை அசைக்க முடியாது. அதே நீளத்தை 22ஆகப் பிரித்தால் ஆளுக்கு ஆள் 3.14 ஸ்டெப் வருகிறது. கணக்கில் வரும் பை (π) என்று திரையைப் பார்த்துத் தனியாகச் சிரித்தேன், இரவு இரண்டு மணிக்கு, ஓடும் பஸ்ஸில். முனையில் இருப்பவருக்கு மாற்றம் இல்லை. ஓட்டைக்கு அருகில் இருப்பவர் ஒன்றரை ஸ்டெப் நகர வேண்டும். இந்த இருவருக்கும் இடையில் இருப்பவர்கள் அரை ஸ்டெப், முக்கால் ஸ்டெப்.

இது சின்ன மாற்றம் என்று தோன்றும். உண்மையில் டாட் எட்டு ஸ்டெப் தள்ளிப் போனால் பிள்ளைகள் அன்றைக்கே கற்றுக்கொள்வார்கள், ஏனென்றால் அது புது இடம். அரை ஸ்டெப் மாறினால் உடம்பு பழைய இடத்துக்கே போகும். வாரக்கணக்கில் காலுக்குப் பழகியதை மூளை சொல்லிக் கேட்காது. அவர்கள் அந்த வளைவை மறுபடி சுத்தம் செய்து முடிக்கும்போது ஜூலை பாதி போயிருந்தது. கான்ட்ராக்காரர்கள் புகும் சந்துகளும் அதற்கேற்ப இடம் மாறின. அந்த நாட்களில் ஒரு கான்ட்ராவின் வாய் ஒரு பையனின் தோளில் மோதியது. பெரிய காயம் இல்லை. ஆனால் அந்தச் சத்தம் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், ஆகஸ்ட் முதல் வாரத்தில் அவள் டாக்டரின் அனுமதிச் சீட்டோடு வந்தபோது என் தலையில் இருந்தது இவ்வளவும்தான்.

சமையல் லாரிக்குப் பக்கத்தில், தட்டோடு வரிசையில் நின்றிருந்தேன். கால் சரியாகிவிட்டது, இண்டியானாபொலிஸ் இறுதிப் போட்டிக்கு இன்னும் நாள் இருக்கிறது, என் டாட்டைத் திரும்பத் தருவீர்களா என்று கேட்டாள். வளைவைத் திறந்தால் இருபது பேருக்கு மேல் மறுபடி மாற வேண்டும், 180 வேகத்தில் ட்யூபாக்களை நடுவில் விட்டுக்கொண்டு அதை இப்போது செய்ய முடியாது என்றேன். அவள் தலையாட்டினாள். அவளுக்கு இது தெரியும், வாதாட வரவில்லை. அப்புறம் கேட்டாள்: "இப்போ வளைவு எப்படி இருக்கு? நான் இல்லாதது தெரியுதா?"

"இல்லை, கொஞ்சமும் தெரியவில்லை. நல்லா இருக்கு" என்றேன்.

அவள், "ஓகே, நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவ்வளவுதான் நடந்தது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று விஷுவல் (நடை, வடிவம்) பொறுப்பாளர் கேட்டார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஜூனில் அவள் பயந்தது ஓட்டை தெரியுமே என்றுதான். தெரியவில்லை என்று ஆகஸ்டில் உறுதிசெய்தேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்றே அந்தக் கணத்தில் எனக்குத் தோன்றியது. அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இரவெல்லாம் உட்கார்ந்து செய்த வேலையை ஒருவர் கேட்கும்போது வருகிற பெருமை.

ஆனால் ஜூனில் கேட்டவள் தன்னால் மற்றவர்களுக்குக் கெடுதல் என்று நினைத்தவள். ஆகஸ்டில் கேட்டவள் ஆறு வாரமாக மைதானத்து ஓரத்தில் தண்ணீர்க் குடுவைகளை நிரப்பிக்கொண்டு, தன் இடம் மெல்ல மெல்ல மறைவதைப் பார்த்தவள். பள்ளிக்கூடத்து ஜிம் தரையில் மற்றவர்களோடு படுத்து எழுந்தவள். இந்தப் பிள்ளைகள் சம்பளம் வாங்குவதில்லை. ஆயிரக்கணக்கான டாலர் கட்டணம் கட்டித்தான் வருகிறார்கள். கொஞ்சம் தெரிகிறது, கண் அந்த இடத்துக்குப் போகிறது என்று சொல்லியிருந்தால்? பொய்தான். நல்ல பொய்யா? அடுத்த நிமிடமே "அப்படியென்றால் திறந்துவிடுங்கள்" என்று கேட்டிருப்பாள், அதற்கு என்னிடம் பதில் இருந்திருக்காது.

ஓட்டையை ஓட்டையாகவே விடும் கோர்களும் உண்டு. 3 ஸ்டெப் இருக்க வேண்டிய இடத்தில் 6 ஸ்டெப். ஆள் திரும்பினால் நேராக வந்து நின்றுகொள்ளலாம். அதற்கான விலையை மேலே அரங்கத்து அறையில் இருக்கும் நடுவரிடம் கொடுக்க வேண்டும். யாருக்கோ அடிபட்டிருக்கிறது என்று அவருக்கும் புரியும். ஆனால் அவர் எண் போடுவது கண்ணுக்குத் தெரிகிற வடிவத்துக்கு. 100 புள்ளியில் விஷுவலுக்கு 30, இரண்டு கோர்களுக்கு நடுவில் சில நேரம் ஒரு புள்ளியில் பத்தில் ஒரு பங்குதான் வித்தியாசம். மற்ற நூற்றுச் சொச்சம் பேரும் இதே பணத்தைக் கட்டி, இதே வெயிலில் நின்றவர்கள்தானே. இப்படி யோசிக்கும்போது மூடியது சரி என்று அமைதியாகிவிடுவேன். பாதி இரவு வரை அது தாங்கும்.

கடைசியில் பேலட் பகுதியில் அவளுக்கு ஓர் இடம் எழுதினேன். மெதுவான பகுதி, ஆட்கள் கொத்துக்கொத்தாக நிற்பது, ஒருவரைச் சேர்த்தால் இன்னொருவர் டாட் மாறாது. இறுதிப் போட்டி நடந்த லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்தில் அவள் அந்தப் பகுதியில் மட்டும் நடந்தாள், அது முடிந்ததும் பின்வரிசைப் பெட்டிகளுக்குப் பின்னால் போய்விட்டாள். பேலட்டிலும் அவள் வருவதற்கு முன் ஓட்டை இல்லை, வந்த பிறகு நெரிசலும் இல்லை. அதாவது அங்கேயும் தெரியவில்லை. இதை நான் அவளுக்குச் செய்த உதவியாக எண்ணுவதா, என் மனச் சமாதானத்துக்குச் செய்ததாக எண்ணுவதா என்று கேட்டால், இரண்டும்தான் என்பேன். அவள் நன்றி சொன்னாள். அந்த நன்றியை வைத்து எதையும் முடிவுகட்ட முடியவில்லை.

தொழிலில் இதனால் ஒன்று மாறியிருக்கிறது, அது நல்லதா என்று தெரியாது. சின்ன வயதில் என்னை இந்த வேலைக்கு இழுத்தது மைக்கேல் கெய்ன்ஸ் கேவலியர்ஸ் என்ற கோருக்கு எழுதிய டிரில். 2002ல் 99.15 வாங்கிய அந்த வருடத்து வீடியோவை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு கோடும் ஒவ்வொரு கட்டமும் திறந்த வெளியில் நிற்கும். ஒருவர் அரை ஸ்டெப் விலகினாலும் பல்லிளிக்கும். அதற்கு முன்னால் 1980களில் கார்ஃபீல்ட் கேடெட்ஸ் கோருக்கு ஜார்ஜ் ஜிங்காலி எழுதியது வேறு மாதிரி: இருபுறமும் சமமாக நிற்கும் பழைய ஒழுங்கை உடைத்து, ஒரு வடிவம் முடிவதற்குள் அடுத்ததாகக் கரைந்து போகும். இப்போது பெரும்பாலான கோர்கள் மேடைப் பொருட்களைச் சுற்றிச் சிறு கூட்டங்களாக ஆட்களை நிறுத்துகின்றன. நான் இந்த மூன்றாவது பாணியின் ரசிகனே இல்லை. ஆனால் சமீபத்திய என் வரைவுகளை எடுத்துப் பார்த்தால் கொத்துகளும் சிதறல்களும்தான் அதிகம். நவீனமாக எழுதுகிறாய் என்று பாராட்டுகிறார்கள். நவீனம் ஒன்றும் இல்லை. ஒருவர் விழுந்தால் தெரியாத வடிவங்களாகக் கை தேடிப் போகிறது.

இதைச் சொன்னால் நல்ல மனசு என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எடுத்தால் தெரியாத இடத்தில் ஒருவரை முதலிலேயே நிறுத்துவது, அடிபட்ட பிறகு மூடுவதைவிட எந்த விதத்தில் மேல்? கேவலியர்ஸ் கோட்டில் நின்றவன் விழுந்தால் அரங்கத்துக்கே தெரிந்திருக்கும். அது கொடுமை என்று முன்பு நினைத்தேன். இப்போது அவன்தான் கொடுத்துவைத்தவனோ என்று சில நாள் தோன்றுகிறது, சில நாள் அது வெறும் சினிமாத்தனமான எண்ணம் என்று தள்ளிவிடுகிறேன்.

வரும் சீசனின் கடைசிப் பகுதிக்கு முதன்மை டிசைனர் மறுபடி ஒரு நீண்ட ஒற்றை வரிசை கேட்டிருக்கிறார், பக்கக் கோட்டிலிருந்து பக்கக் கோடு வரை. பைவேர் என்ற டிரில் மென்பொருளில் இரண்டு விதமாக எழுதி வைத்திருக்கிறேன். ஒன்று அவர் கேட்டபடியே. இன்னொன்றில் அதே கோடு நான்கு துண்டாக உடைந்து, துண்டுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கிறது; தூரத்திலிருந்து ஒரே கோடாகத் தெரியும், ஓர் ஆள் குறைந்தாலும் கோடாகவே தெரியும். இரண்டாவது எதற்கு என்று கேட்டார். நடுவில் கார்டு (கொடி சுழற்றி ஆடுபவர்கள்) கடந்து போக வசதி என்றேன். அதுவும் உண்மைதான், கார்டுக்கு அது வசதிதான். முதல் முகாமுக்கு முன்னால் ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சொல்வதாக அவர் சொல்லியிருக்கிறார். என் விருப்பம் எது என்று அவர் கேட்கவில்லை, நானும் எழுதி அனுப்பவில்லை.