நீலம் பச்சையானது: மஞ்சள் சவப்பெட்டிப் பலகை, மூன்றாம் ஞாயிறு

பழைய எகிப்தியச் சவப்பெட்டி ஓவியத்தை ஞாயிறுதோறும் செய்து பார்க்கிறேன். கையில் இருப்பது ஒன்றரை அடி மாம்பலகை. அதில் ஒரு ஹோரஸ் கண் (எகிப்தியர் காப்புச் சின்னமாக வரைந்த, புருவத்தோடு கூடிய கண்), கீழே தாமரைப் பட்டை. மாதிரிக்கு எடுத்துக்கொண்டது எகிப்தின் 21-ஆம் வம்சத்து மஞ்சள் சவப்பெட்டிகளை. கி.மு. 1000-ஐ ஒட்டித் தீப்ஸ் நகரத்து அமுன் கோயில் பூசாரிகளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் செய்தவை. 1891-இல் திறந்த பாப் எல்-கசுஸ் நிலவறையில் மட்டும் 153 பேரை அடக்கம் செய்திருந்தார்கள். மஞ்சள் தரை, விரல் வைக்க இடமில்லாமல் உருவங்கள், மேலே வார்னிஷ். இதுதான் அந்தப் பாணி.

முதல் ஞாயிறு பூச்சிலேயே போனது. எகிப்தியர்கள் அத்தி இனமான சிக்கமோர் மரத்துண்டுகளை முளையடித்து இணைத்து, சந்துகளை அடைத்து, மேலே சுண்ணமும் பசையும் குழைத்துப் பூசினார்கள். நானும் சுண்ணக்கட்டிப் பொடியில் வச்சிரப் பசை சேர்த்துக் குழைத்தேன். நன்றாக ஒட்டட்டும் என்று வச்சிரத்தைத் தாராளமாக ஊற்றியதுதான் தப்பு. மறுநாள் காலையில் பலகை வறண்ட ஏரியாகக் கிடந்தது. பசை அதிகமானால் காயும்போது சுருங்கி இழுக்கும். எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு, நீர்க்கக் கரைத்து நான்கு பூச்சு கொடுத்தேன். இப்போது முட்டை ஓடு மாதிரி வழவழப்பு.

மஞ்சளுக்கு அவர்கள் காவியோடு அரிதாரமும் பயன்படுத்தினார்கள். நாடகக்காரர்கள் பூசிக்கொள்வதால் நமக்குப் பழகிய சொல்தான். ஆனால் அசல் அரிதாரம் ஆர்சனிக் கலந்த கனிமம், நஞ்சு. எனக்கு மஞ்சள் காவியே போதும். கரைக்கக் கருவேலம் பிசின். அந்த மரத்தின் தாவரவியல் பெயரில் உள்ள 'நிலோட்டிகா' நைல் நதியைக் குறிப்பது என்று தெரிந்ததும் ஒரு சின்னச் சந்தோஷம்.

நீலம்தான் படுத்தியது. எகிப்திய நீலம் மண்ணில் தோண்டியெடுத்தது அல்ல. மணல், செம்பு, சுண்ணாம்பு, கொஞ்சம் சோடா போன்ற காரம் சேர்த்து 850 முதல் 1000 டிகிரி செல்சியஸ் வரை சுட்டுச் செய்தது. வாங்கிய தூள் நறநறவென்று இருந்ததால் அம்மியில் நைசாக அரைத்தேன். அரைக்க அரைக்க நிறம் வெளுத்து, பால் கலந்த மாதிரி ஆகிவிட்டது. ஆழ்ந்த நீலம் வேண்டுமென்றால் தூள் கரகரப்பாகவே இருக்க வேண்டும். அப்புறம் அரைக்காத தூளையே பிசினில் குழைத்து, அடியில் தங்காதபடி கலக்கிக் கலக்கி வைத்தேன். புருவம் நன்றாக வந்தது.

நேற்று வார்னிஷ். பழைய பெட்டிகளில் உள்ளது பிஸ்தா இனத்து மரப் பிசின். நாட்டு மருந்துக் கடையில் ரூமி மஸ்தகி என்று கேட்டால் கிடைப்பதும் அந்த இனத்துப் பிசின்தான். பலகையின் இடது பாதிக்கு டர்பன்டைனில் கரைத்தது, வலது பாதிக்கு உருக்கியது. அந்தக் காலத்தில் உருக்கித்தான் பூசியிருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். கரைத்தது தண்ணீராகப் படர்ந்தது. உருக்கியதோ தேன் நிறத்துக்கு மாறி, பிரஷை விட்டு இறங்கவே மறுத்தது. பலகையையும் ஹேர் டிரையரால் சூடாக்கியபின் ஒருவழியாக இழுபட்டது. திட்டுத்திட்டாக, தூசியோடு, ஓரத்தில் என் கட்டைவிரல் ரேகையோடு.

ரேகைக்காக வருத்தமில்லை. கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் உள்ள நெஸ்பவெர்ஷெஃபிட்டின் உள்பெட்டி மூடியிலும் வார்னிஷ் காயும் முன் தொட்ட கைவினைஞரின் ரேகை இருக்கிறது. நெஸ்பவெர்ஷெஃபிட் தீப்ஸின் கர்னாக் கோயில் பட்டறைகளுக்கே மேற்பார்வையாளர். அவர் பெட்டிக்கே அந்தக் கதி.

விஷயம் வேறு. இடது பாதியில் புருவம் நீலமாகவே இருக்கிறது. வலது பாதியில் அதே நீலம் பாசிப் பச்சை. மஞ்சள் சவப்பெட்டிகளின் படங்களில் பச்சை என்று நான் குறித்து வைத்திருந்தவற்றில் பல, மஞ்சளித்த வார்னிஷுக்கு அடியில் கிடக்கும் நீலம். தாமரைப் பட்டைக்கு என்று மெனக்கெட்டுக் கலந்து வைத்த பச்சைச் சாயம் ஒரு கிண்ணம் அப்படியே காய்ந்து கிடக்கிறது. அடுத்த பலகையில் தாமரை இதழுக்கும் நீலமே.