தென்னந்தோப்பில் எப்போதும் காலை ஆறு மணிதான்

பெங்களூரு வெளிவட்டச் சாலை அலுவலகங்களில் பிற்பகல் மூன்றரை மணிக் கூட்டம். திரையில் பன்னிரண்டு பேர். ஒன்றிரண்டு கேமராதான் திறந்திருக்கும், மைக் எல்லாம் மூடியிருக்கும். யாரோ ஒருவர் எக்செல் அட்டவணையை வரிவரியாகப் படித்துக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் ஒருவர் உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்பில், மோட்டார் ரூம் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். இன்னொருவர் ஜெயநகரில் சொந்தக் காபிக் கடையின் கல்லாவில் இருக்கிறார். மற்றொருவர் மேனேஜரை நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு, அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்துக்கொண்டிருக்கிறார்.

பகல்கனவில் இருக்கும் இவர்களைச் சோம்பேறிகள் என்று தள்ளிவிட முடியாது. கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2,250 பேரைக் கைபேசி வழியாக நடுநடுவே விசாரித்து 2010இல் வெளியிட்ட முடிவு இது: விசாரித்த தருணங்களில் ஏறக்குறைய 47 சதவீதத்தில் மனம் கையிலிருந்த வேலையில் இல்லை. அதே ஆய்வில் அவ்வளவாகப் பேசப்படாத ஒரு செய்தியும் உண்டு. இனிமையான நினைப்பில் மிதந்தவர்கள்கூட, செய்யும் வேலையில் மனம் வைத்தவர்களைவிடக் கூடுதல் மகிழ்ச்சியோடு இல்லை. அப்படியானால் பகல்கனவின் பயன் அது தரும் சுகத்தில் இருக்க வாய்ப்பில்லை. அது காட்டிக்கொடுக்கும் தகவலில் இருக்கலாம்.

தகவலைப் படிக்க ஒரு வழி இருக்கிறது. எந்தப் பகல்கனவிலும் ஒரு இடம் மட்டும் நிறத்தோடும் மணத்தோடும் துலக்கமாக இருக்கும், மீதியெல்லாம் வெறும் அட்டைச்சுவர். துலங்கும் இடத்தில்தான் ஆசை இருக்கிறது. அட்டையாக இருக்கும் இடத்தில் வேலை இருக்கிறது.

தென்னந்தோப்பையே எடுத்துக்கொள்வோம். பெங்களூருத் தமிழர்களின் கனவுகளில் இதுதான் பெரிய பட்டாளம். கனவுத் தோப்பில் எப்போதும் காலை ஆறு மணிதான். மோட்டார் ஓடுகிறது, தொட்டியில் தண்ணீர் நுரைத்து விழுகிறது, கையில் காபி டம்ளர், போனில் சிக்னல் இல்லை. பகல் பதினொரு மணி அந்தத் தோப்புக்கு வருவதே இல்லை.

வந்தால் கணக்கு வேறு. 25 அடி இடைவெளி விட்டால் ஏக்கருக்கு 70 கன்று. நெட்டை ரகம் பாளை விட ஐந்தாறு ஆண்டாகும், குட்டை ரகம் மூன்று நான்கு ஆண்டில் விடும். கோடையில் சொட்டுநீரில் மரத்துக்கு நாளொன்றுக்கு 60 லிட்டர் என்று வைத்தால் ஏக்கருக்கு 4,200 லிட்டர், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. வெட்டு ஒன்றரை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. மரமேறி சொன்ன நாளில் வந்தால் அதிர்ஷ்டம். காண்டாமிருக வண்டு குருத்தைத் துளைத்தால் விரியும் மட்டை கத்தரியால் வெட்டிய மாதிரி முக்கோணம் முக்கோணமாக இருக்கும். கண்ணுக்குத் தெரியும், மருந்து வைக்கலாம். சிவப்புக் கூன்வண்டு அப்படியில்லை. அது தண்டுக்குள்ளேயே குடும்பம் நடத்தும். செம்பழுப்புச் சாறு வெளியே வடியும்போது பல மரங்கள் கைவிட்டுப் போயிருக்கும். 2016இல் பொள்ளாச்சி வட்டாரத்தில் தலைகாட்டிய சுருள் வெள்ளை ஈ வேறு இருக்கிறது. ஓலையின் அடிப்புறம் அது உட்கார, கீழ் ஓலைகளின் மேல் கரும்பூஞ்சாணம் படியும்.

நிலம் வாங்கும் கட்டத்தில் எல்லோரும் பத்திரத்தைப் பார்ப்பார்கள். 30 ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, புல வரைபடம், இவை சரி. சண்டை வருமிடம் வேறு: வண்டிப்பாதை யார் பட்டாவில் போகிறது, கிணற்றில் எத்தனை பங்கு, மின் இணைப்பு யார் பெயரில் நிற்கிறது. இந்த மூன்றும் எழுத்தில் இல்லாமல் முன்பணம் கொடுத்தவர்களுக்குப் பக்கத்துத் தோட்டக்காரர்தான் அன்றாடப் பாடம். அதோடு தூரம். வெள்ளி இரவு மடிவாளாவில் பஸ் ஏறி, சனிக்கிழமை காலை இறங்கி, ஞாயிறு இரவு திரும்புகிறவருக்கு ஒரு வாரம்கூடத் தவறாமல் போனாலும் மாதத்தில் எட்டுப் பகல்தான் தோப்பில். மீதி 22 நாளும் தோப்பு வேறொருவர் கையில்.

இவ்வளவையும் சொன்ன பிறகும் ஒருவர் மறித்து, “ஊடுபயிருக்கு வாழை வைக்கலாமா, கோகோ வைக்கலாமா?” என்று கேட்டால் அவருடைய கனவில் பதினொரு மணி இருக்கிறது. அவர் போகலாம், போய்த்தான் ஆகவேண்டும். ஆனால் பெரும்பாலோர் அந்தத் திண்ணைக்கே திரும்பி வருவார்கள். அவர்கள் ஆசைப்பட்டது விவசாயத்துக்கு இல்லை, யாரும் கூப்பிடாத ஒரு விடியற்காலைக்கு. இரவு ஒன்பதரைக்கு அமெரிக்காவோடு பேசிவிட்டு, பதினொன்றரைக்குச் சாப்பிட்டு, காலை எட்டுக்கு போன் சத்தத்தில் எழுகிறவருக்கு அந்த ஆசை நியாயமானதுதான். அதற்கு இரண்டு ஏக்கர் வேண்டாம். வாரத்தில் எந்த இரண்டு இரவு மட்டும் அழைப்பு என்று குழுவில் பேசி முடிவு செய்ய முடிந்தால், திண்ணையில் பாதி கிடைத்துவிடும்.

காபிக் கடைக் கனவைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். துலங்கும் காட்சி: கல்லாவில் நிற்கிறோம், வருகிறவர்கள் பெயர் சொல்லி வணக்கம் வைக்கிறார்கள். நூறு காபிக்குச் சுமார் ஒரு கிலோ தூளும் பத்து லிட்டர் பாலும் வேண்டும் என்பது கனவில் இருக்கும். ஆறு மணிக்குக் கதவு திறக்க நாலரைக்கே டிகாஷன் இறங்கவேண்டும் என்பது இருக்காது. காலையில் இறக்கியது பத்து மணிக்கு மணம் போய்க் கசக்கும்; மிச்சத்தைப் புதிதோடு கலந்தால் புதிதும் கெடும். கடை முன்பணம் என்று மாத வாடகையின் பல மடங்கை முதலிலேயே கட்டிவிட்டு வியாபாரத்துக்குக் கை வறண்டு நிற்பது இந்த ஊரில் சாதாரணம். இந்தக் கனவுக்காரருக்கு வேண்டியது பெரும்பாலும் அந்த வணக்கம். ஆறு மாதமாக அவர் எழுதிய நிரல் எந்த வாடிக்கையாளருக்குப் பயன்பட்டது என்று ஒருவரும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ராஜினாமாக் கனவு இன்னும் சின்னது. அதில் அட்டையை மேசையில் வைத்ததும் லிஃப்ட் கதவு மூடிவிடும். அறுபது அல்லது தொண்ணூறு நாள் நோட்டீஸ் காலத்தில் அதே மேனேஜருக்கு எதிரே உட்கார்ந்து வேலையை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்கும் காட்சி எந்தக் கனவிலும் வந்ததில்லை. மதிப்பீட்டு முடிவு வரும் மார்ச், ஏப்ரலில் இது கூட்டமாக வரும், ஜூனில் கலைந்துவிடும். அந்த இரண்டு மாதம் வேலைக்கான மனு அனுப்பலாம், ராஜினாமாக் கடிதம் மட்டும் வேண்டாம்.

கணினிக்காரர்களின் கனவுகளையே எழுதிக்கொண்டிருப்பது ஒரு பழக்கதோஷம். ஓசூர் சாலைப் பக்கத்துத் தையல் ஆலைகளில் கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருப்பத்தூர்ப் பக்கத்துப் பெண்கள் பலர் இருக்கிறார்கள். மணிக்கு எத்தனை உருப்படி என்று லைனின் தலைமாட்டில் போர்டு தொங்கும். அங்கேயும் பகல்கனவு உண்டு, மிகத் தெளிவானது: வீட்டிலேயே ஒரு மிஷின், சாயங்காலம் நாலு மணிக்குப் பிள்ளை பள்ளிவிட்டு வரும்போது கதவைத் திறக்க அம்மா இருக்கிறாள்.

நிஜத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கனவு இது. அதனாலேயே இதன் வெற்றிடத்தைச் சரியாகப் பார்க்கவேண்டும். ஆலை லைனில் பத்து வருடம் தைத்தவருக்குக்கூடக் காலர் வைப்பதோ கை ஏற்றுவதோ ஏதோ ஒரு செயல்தான் கைவந்திருக்கும். வேகம் அபாரமாக இருக்கும். ஆனால் துணியை வெட்டியது வேறு யாரோ. வீட்டுத் தையலில் காசு தருவது வெட்டு. ரவிக்கையில் கைக்குழிச் சுற்று அரை அங்குலம் குறைந்தால் கையைத் தூக்க முடியாது, அந்த வாடிக்கையாளர் திரும்ப வரமாட்டார். பக்கத் தையலில் உள்ளே ஒரு அங்குலம் துணி விட்டால் பின்னால் பிரித்துக் கொடுக்கலாம். ஆலையில் மிச்சம் விடுவது குற்றம், இங்கே விடாதது குற்றம். பருத்தி லைனிங்கை நனைத்துக் காயவைத்துத் தேய்த்த பிறகே வெட்டவேண்டும். இல்லாவிட்டால் முதல் சலவையில் லைனிங் சுருங்கி, மேல்துணியைச் சேர்த்து இழுத்துச் சுருக்கம் சுருக்கமாக நிற்கும், பழி தையல்காரி மேல்.

மிஷின் வாங்கும்போது இன்னொன்று. ஆலையின் பவர் மிஷின் நிமிடத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் தையல் போடும். அந்த வேகத்துக்குப் பழகிய காலுக்கு வீட்டு மிஷின் எருமை மாதிரி இருக்கும். பழைய பவர் மிஷினே வாங்கலாம். கிளட்ச் மோட்டார் வேண்டாம், சர்வோ மோட்டார் பார்த்து வாங்குவது நல்லது. கிளட்ச் மோட்டார் தைக்காத நேரத்திலும் சுற்றிக்கொண்டே இருக்கும். மின்கட்டணம் ஏறும், சத்தத்துக்கு வீட்டு ஓனர் மாடியிலிருந்து இறங்கி வருவார். ஆர்டர் தையிலும் ஆவணியிலும் குவியும், ஆடியிலும் மார்கழியிலும் கை காயும். ஆலையை விட்டால் பிஎஃப் சேர்வது நிற்கும், இஎஸ்ஐ மருத்துவமும் சில மாதத்தில் நின்றுவிடும். வீட்டில் சர்க்கரை நோய்க்காரர் இருந்தால் இந்த ஒரு வரி மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிது.

ஆகவே வரிசை இப்படி இருந்தால் தாங்கும்: வேலையில் இருக்கும்போதே ஞாயிறுதோறும் ஆறு மாதம் வெட்டுப் பழகுவது, முதல் ஐந்து ரவிக்கையை நெருங்கியவர்களுக்குக் கூலி வாங்காமல் தைத்துக் குறை கேட்பது, அடுத்த பத்தைக் கூலிக்குத் தைப்பது, பத்தில் எத்தனை பிரித்துத் தைக்க வந்தது என்று எண்ணுவது. இரண்டுக்கு மேல் என்றால் இன்னும் நேரம் வரவில்லை.

இந்த மாதிரிப் படிகள் கனவிலேயே ஏன் தோன்றுவதில்லை? கேப்ரியேல் ஊட்டிங்கன் என்ற உளவியலாளர் இதையே பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். பட்டம் முடிக்கும் மாணவர்களை வைத்து 2002இல் வந்த ஆய்வில், வேலை கிடைத்துவிட்டதாக இன்பமாகக் கற்பனை செய்தவர்கள் குறைவான விண்ணப்பங்களே அனுப்பியிருந்தார்கள். இரண்டு ஆண்டு கழித்துச் சம்பளமும் குறைவு. கிடைத்துவிட்டது என்று உடம்பு நம்பினால் உழைப்புக்கு எழுந்திருக்காது. ஆசையைப் பார்த்த உடனே, அதற்குக் குறுக்கே தனக்குள் நிற்பது என்ன என்றும் பார்க்கச் சொல்கிறார் அவர். வரிசை முக்கியம்: முதலில் ஆசை, பிறகு தடை. தடையை முதலில் வைத்தால் வெறும் புலம்பல்.

டீக்கடையில் நாலு பேரிடம் சொல்லிவிடுவது இதன் இன்னொரு முகம். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளரும் உடனாய்வாளர்களும் 2009இல் காட்டியது: ‘நான் இப்படிப்பட்டவன் ஆகப்போகிறேன்’ என்ற வகை எண்ணத்தைப் பிறர் கேட்டு அங்கீகரித்துவிட்டால், அதற்கான உழைப்பு குறைகிறது. ஆண்டிகள் கூடி மடம் கட்டின கதை நம் ஊரில் இதற்கு வெகு முன்பே இருக்கிறது. கம்பெனியை எல்எல்பியாகப் பதிவதா, பிரைவேட் லிமிடெட்டாகவா என்பது வரை பேசி முடித்த ஸ்டார்ட்அப் மடங்கள் கோரமங்களா டீக்கடைகளில் ஏராளம்.

நாற்பத்தைந்தில் ஓய்வு என்ற கனவில் கணக்கே அட்டைச்சுவர். ஆண்டுச் செலவின் 25 மடங்கு சேர்ந்தால் போதும் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். மாதம் 60,000 என்றால் 1.8 கோடி. அந்த 25, வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் 1994இல் அமெரிக்கப் பங்கு, பத்திர வரலாற்றை வைத்து 30 ஆண்டு ஓய்வுக்குப் போட்ட கணக்கிலிருந்து வந்தது. நாற்பத்தைந்து வயதுக்காரருக்கு இன்னும் 40, 45 ஆண்டு ஓடவேண்டும். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 12 ஆண்டில் செலவு இரட்டிக்கும்; 57 வயதில் அதே வீட்டுக்கு மாதம் 1,20,000. இந்தக் கனவிலும் கேட்டுப் பாருங்கள், ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் என்ன செய்கிறீர்கள் என்று. பலருக்குத் திங்கட்கிழமை தாமதமாக எழுவதற்கு மேல் படம் ஓடாது. அவர்களுக்கு முதலில் வேண்டியது சேர்த்தாற்போல் மூன்று வார விடுப்பு.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பீனியா தொழிற்பேட்டையின் பட்டறை லேத்திலும், ஸ்டியரிங் பிடித்த கையோடும் கனவுக்கு இடமில்லை. தினமும் மணிக்கணக்கில் கனவிலேயே கிடந்து, சாப்பாடும் தூக்கமும் உறவும் கெடுகிறது என்றால் அது வேறு விஷயம். எலி சோமர் என்ற உளவியலாளர் 2002இல் அதைத் தனியாக விவரித்திருக்கிறார். அங்கே குறிப்பேடு போதாது, மனநல ஆலோசகரைப் பார்ப்பது நல்லது.

மற்றவர்களுக்குக் குறிப்பேடு போதும். பதினான்கு நாள், நாலு பத்தி: எத்தனை மணி, அதற்குச் சற்று முன் நடந்தது என்ன, கனவில் துலக்கமாக இருந்தது எது, கனவில் இல்லாமல் இருந்தது எது. நாலாவது பத்தியை எழுதத்தான் பலர் திணறுவார்கள், விடாமல் எழுதவேண்டும். இரண்டாவது வார முடிவில் ஒரே பதில் மூன்று நான்கு முறை வந்திருக்கும். அதற்கு எதிரே, கோல்விட்சர் முறையில், ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்று ஒரே ஒரு வரி. ‘இனிமேல் சீக்கிரம் தூங்குவேன்’ என்பது போன்ற வரி வேலைக்கு ஆகாது, அதில் எப்போது என்பது இல்லை.

நிரப்பிய பக்கம் இப்படி இருக்கும். செவ்வாய், 3.40. நிலவரக் கூட்டம், மூன்றாவது முறையாக அதே அட்டவணை. தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம். இல்லாதது: போன். அதற்கு எதிரே: ‘இரவு ஒன்பதரைக்கு மேல் அழைப்பு வைத்து மெயில் வந்தால், செவ்வாயும் வியாழனும் மட்டும் முடியும் என்று அன்றே பதில் எழுதுவேன்.’