மூன்று ஏஐ ஏஜென்ட்களை ஒரே சங்கிலியில் கோத்தபோது பட்ட பாடு

ஆறு வாரம் போராடி, இப்போதுதான் பக்கத்தில் உட்கார்ந்து கண்காணிக்காமலே சங்கிலி ஓடுகிறது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். இதே வேலையில் இறங்குபவர்களுக்குச் சில நாட்களாவது மிச்சமாகட்டும்.

நான் தனியாக மொழிபெயர்ப்பு வேலை செய்பவன். மின்னஞ்சலைப் படித்து வேலைகளைப் பிரித்தெடுக்க ஒரு ஏஜென்ட் (கொடுத்த வேலையைத் தானாகவே செய்யும் ஏஐ நிரல்), அவற்றை நாட்காட்டியில் போட இன்னொன்று, பதில் எழுத மூன்றாவது. தினமும் காலையில் ஒரு சுருக்கம் வர வேண்டும். மூன்றுக்கும் வெவ்வேறு மாடல்கள். செயலிகளை ஒன்றோடொன்று இணைக்கும் என்8என் என்ற கருவியில் கோத்தேன். ஏஐ மாடல்களை வெளிச் செயலிகளோடு இணைக்க 2024 நவம்பரில் வந்த எம்சிபி நெறிமுறை இருப்பதால் மின்னஞ்சலையும் நாட்காட்டியையும் இணைப்பது ஒரே மாலையில் முடிந்துவிட்டது. தனித்தனியாகச் சோதித்தால் மூன்றும் பிரமாதம். ஒன்று இன்னொன்றின் கையில் வேலையைக் கொடுக்கும் இடத்தில்தான் எல்லாமே அறுந்தது.

முதல் இரண்டு நாள் ஜேசன் (நிரல்கள் தகவல் பரிமாறும் கட்டுக்கோப்பான வடிவம்) தகராறு. ஜேசன் மட்டும் கொடு என்று சொல்லியும், ஏஜென்ட் முன்னால் "இதோ நீங்கள் கேட்ட பட்டியல்" என்று ஒரு வரி சேர்த்து அனுப்பும். அடுத்த படி அப்படியே நின்றுவிடும். குறித்த வடிவத்தில் மட்டுமே பதில் தரவைக்கும் ஸ்ட்ரக்சர்டு அவுட்புட் வசதியை இயக்கியதும் சரியாகிவிட்டது. ப்ராம்ப்டில் (மாடலுக்கு எழுதும் கட்டளையில்) கெஞ்சிக்கொண்டிருக்காதீர்கள், நேராக அதைப் போட்டுவிடுங்கள்.

எட்டாம் நாள் காலைச் சுருக்கத்தில் "இன்று புதிய வேலை எதுவும் இல்லை" என்று வந்தது. ஒன்பதாம் நாளும் அதே வரி. ஓய்வு கிடைத்ததே என்று நிம்மதியாக இருந்தேன். பத்தாம் நாள் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "என் மெயிலுக்கு ஏன் பதிலே இல்லை?" என்று கேட்டபோதுதான் இன்பாக்ஸைத் திறந்தேன். படிக்காத கடிதங்கள் பதினான்கு. கடிதங்களைப் படிக்க அனுமதி வாங்குவதற்காக நான் பதிவு செய்த ஓஆத் செயலி இன்னும் சோதனை நிலையில் இருந்திருக்கிறது. அந்த நிலையில் என் மின்னஞ்சல் சேவை தரும் ரெஃப்ரெஷ் டோக்கனுக்கு (அந்த அனுமதியைப் புதுப்பிக்கும் சாவி) 7 நாள்தான் ஆயுள். டோக்கன் செத்ததும் முதல் ஏஜென்ட்டுக்கு வெற்றுப் பட்டியல் போயிருக்கிறது; பட்டியல் காலி, ஆகவே வேலை இல்லை என்று அது எழுதிவிட்டது. இப்போது சுருக்கத்தின் முதல் வரியே "எத்தனை கடிதங்கள் படிக்கப்பட்டன, கடைசிக் கடிதம் எத்தனை மணிக்கு வந்தது" என்பதுதான். அந்த வரியை மாடல் எழுதுவதில்லை, சாதாரண நிரல் எண்ணிப் போடுகிறது. தயவுசெய்து இதை முதல் நாளே செய்துவிடுங்கள்.

அதைவிட வலித்தது அடுத்தது. வியாழன் இரவு 11.40க்கு ஒரு கடிதம்: "நாளை மாலைக்குள் இறுதிப்படி வேண்டும்." முதல் ஏஜென்ட் ஒழுங்காகப் படித்து, "கெடு: நாளை மாலை" என்று குறித்து அனுப்பியது. இரண்டாவது ஏஜென்ட்டின் ஏபிஐ (மாடலை அழைக்கும் இணைய வாசல்) அந்நேரம் 429 பிழை கொடுத்தது; அதிகக் கோரிக்கை, கொஞ்சம் பொறு என்று அர்த்தம். நானே அமைத்திருந்தபடி அரை மணி நேரம் பொறுத்து மறுபடி முயன்றது. அதற்குள் நள்ளிரவு தாண்டிவிட்டது. வெள்ளிக்கிழமை அதிகாலையில் படித்தால் "நாளை" என்பது சனிக்கிழமைதானே? சனி மாலை என்று நாட்காட்டியில் ஏறிவிட்டது. வெள்ளி முழுவதும் நான் வேறு வேலையில் இருந்தேன். பல வருடம் பழகிய வாடிக்கையாளர். மன்னிப்புக் கேட்டேன், ஏற்றுக்கொண்டார், ஆனாலும் அந்த உரையாடலை நினைத்தால் இன்னும் மனம் சுருக்கென்கிறது.

லாகை (ஒவ்வொரு படியும் பதிவாகும் குறிப்பை) வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பார்த்தேன். எந்த ஏஜென்ட்டும் தப்பு செய்யவில்லை. கடிதம் வந்த தேதி முதல் ஏஜென்ட்டிடமே தங்கிவிட்டது, அவ்வளவுதான். இப்போது "நாளை", "அடுத்த வாரம்" போன்ற சொற்கள் முதல் படியைத் தாண்டக் கூடாது. கடிதம் வந்த நேரத்தை வைத்து அங்கேயே ஆண்டு-மாதம்-நாள் வடிவத்தில் தேதியாக மாற வேண்டும். கூடவே மூல வாக்கியமும் அப்படியே பயணம் செய்ய வேண்டும். சுருக்கத்தின் சுருக்கத்தைப் படித்து முடிவெடுக்கும் ஏஜென்ட்டை நம்பவே கூடாது. ஒவ்வொரு படியும் நூற்றுக்கு 95 முறை சரியாக இருந்தாலும், நான்கு படி தாண்டினால் மொத்தம் 81தான் தேறும்.

அப்புறம், பதில் எழுதும் ஏஜென்ட். "கிடைத்தது, நன்றி" மாதிரிப் பதில்களை மட்டும் தானே அனுப்பலாம் என்று விட்டிருந்தேன். எதிர்ப்பக்கமும் தானியங்கிப் பதில். ஒரே இரவில் இரண்டும் மாறி மாறி நன்றி சொல்லி 63 கடிதங்கள். இது பழைய நோய். ஆர்எஃப்சி 3834 என்ற இணையத் தர ஆவணம் இதற்கான மருந்தை 2004-லேயே எழுதி வைத்திருக்கிறது. தானியங்கிக் கடிதத்தின் தலைப்புப் பகுதியில் ஆட்டோ-சப்மிட்டட் என்ற குறி இருக்கும். அது தெரிந்தால் பதில் போடாதே என்று ஒரு நிபந்தனை வைத்தேன். எல்லோரும் அந்தக் குறியைப் போடுவதில்லை என்பதால், ஒரே உரையாடலுக்கு ஒரு தானியங்கிப் பதில்தான் என்ற வரம்பும் வைத்தேன். மற்றதெல்லாம் வரைவாகவே நிற்கும், நான் பார்த்த பிறகுதான் போகும். வெளியார் கடிதத்தைப் படிக்கும் ஏஜென்ட்டிடம் அனுப்பும் அனுமதியைத் தரவே தராதீர்கள். கடிதத்துக்குள் யாராவது கட்டளையை ஒளித்து வைத்தால் அது கீழ்ப்படிந்துவிடக்கூடும்.

போன வாரம் இரவு 11.50க்கு ஒரு கடிதம், "நாளை மறுநாள் காலை" என்று. அதற்கும் 429 வந்தது, நள்ளிரவு தாண்டித்தான் நாட்காட்டியில் ஏறியது. காலையில் எழுந்ததும் முதல் வேலையாகத் திறந்து பார்த்தேன். சரியான தேதி, அடியில் அவர் எழுதிய அதே வாக்கியம்.