ஞானஸ்நானப் புத்தகத்தில் ஒரு காலிக் கட்டம்

கடைசியில் அந்தப் பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடைத்துவிட்டது. அடையாள அட்டையும் கடவுச்சீட்டும் அதன் பின்னாலேயே வந்துவிட்டன. எனக்குத்தான் இன்னும் ஆத்திரம் ஆறவில்லை. பாதி ஆத்திரம் பதிவாளர் கந்தோரில் உட்கார்ந்திருந்தவர் மேல், மீதி எனக்கு முன்னால் இந்தக் கோயில் பங்கில் இருந்த சாமியார் ஒருவர் மேல். யாரென்று சொல்லப்போவதில்லை, அவர் ஏற்கெனவே ஆண்டவரிடம் கணக்குக் கொடுத்திருப்பார்.

விஷயம் இதுதான். ஹட்டனுக்கு மேலே இருக்கும் எங்கள் பங்கில் முக்கால்வாசிப் பேர் தேயிலைத் தோட்டத்து ஆட்கள். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில் பிறந்து, எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கொழுந்தெடுக்கப் போன ஒரு பிள்ளை, குவைத்துக்கு வேலைக்குப் போக வேண்டும் ஃபாதர் என்று வந்து நின்றாள். கையில் ஒரு பேப்பர் கிடையாது. தோட்டத்தில் பிள்ளை பிறந்தால் துரை, அதாவது தோட்ட முகாமையாளர் வழியாகப் பதிவாளருக்கு அறிவித்தல் போக வேண்டும். இவள் விஷயத்தில் போகவில்லை, பெற்றவர்களும் போயிருக்கும் என்று நினைத்து விட்டுவிட்டார்கள். ஞானஸ்நானம் மட்டும் எங்கள் கோயிலில் நடந்திருந்தது.

காலங்கடந்து பிறப்பைப் பதிவதற்கு என்னென்ன கேட்பார்கள் என்று இங்கே நிறையப் பேருக்குத் தெரியும். பதிவேட்டில் தேடியும் பெயர் இல்லை என்ற கடிதம், பள்ளிக்கூடப் பதிவு, ஞானஸ்நானச் சான்றிதழ், கிராம சேவகரின் கடிதம், சமாதான நீதவான் முன்னால் சத்தியக்கடதாசி. தேடுதல் கடிதம் சிக்கலில்லாமல் வந்தது. கிராம சேவகர் நல்ல மனுஷன், அன்றைக்கே எழுதிக் கொடுத்தார்.

சரி, மற்றது நம் கையில் இருக்கிறதுதானே என்று ஞானஸ்நானப் புத்தகத்தைப் பிரித்தேன். பிள்ளையின் பெயர், தாய் தகப்பன் பெயர், ஞானத்தாய் ஞானத்தகப்பன் பெயர், ஞானஸ்நானம் கொடுத்த திகதி, சாமியாரின் கையெழுத்து எல்லாம் இருக்கிறது. பிறந்த திகதிக்கான கட்டம் காலி. அவளுக்கு மட்டுமல்ல, அந்தப் பக்கத்தில் மேலும் கீழும் வரிசையாகக் காலி. திருச்சபைச் சட்டம் 877, ஞானஸ்நானப் பதிவில் பிறந்த திகதியையும் இடத்தையும் எழுத வேண்டும் என்று தெளிவாகவே சொல்கிறது. அந்தச் சாமியார் மழைக்காலத்தில் மலை ஏறி வந்து ஒரே நாளில் பத்துப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டு, மிச்சத்தை அப்புறம் எழுதலாம் என்று வைத்திருப்பார் போல. அந்த அப்புறம் வரவேயில்லை.

இருந்ததை இருந்தபடி எழுதி, முத்திரை குத்தி, அவளோடு நானும் பதிவாளர் கந்தோருக்குப் போனேன். நீட்டிய படிவம் சிங்களத்தில் மட்டும் இருந்தது. தமிழ்ப் படிவம் கேட்டதற்கு ஒரு பெருமூச்சு, பிறகு அலுமாரியின் அடித்தட்டிலிருந்து ஒன்று வந்தது. (கேளுங்கள். கேட்டால்தான் தருகிறார்கள்.) சான்றிதழைப் பார்த்தவர், "பிறந்த திகதி இல்லாத பேப்பர் எனக்கு எதுக்கு ஃபாதர்?" என்று திருப்பித் தள்ளினார். பள்ளிக்கூடப் பதிவைக் காட்டினேன். அதில் திகதி இருந்தது, ஜனவரி 1. திகதி தெரியாத பிள்ளைகளுக்கு வாத்தியார்மார் போட்டுவிடும் திகதி. எங்கள் புத்தகத்தின்படி ஞானஸ்நானம் அதற்கு முந்திய நவம்பரில். அதாவது பிள்ளை பிறப்பதற்கு முன்னாலேயே ஞானஸ்நானம் வாங்கிவிட்டது! அவர் அதைப் பக்கத்து மேசைக்காரரிடம் காட்டிச் சிரித்தார். அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அன்றைக்குக் கொழுந்தெடுக்க மலைக்குப் போகாததால் அவளுக்கு ஒரு நாள் பேரும் (அந்த நாள் சம்பளமும்) போச்சு, சிரிப்புக்கும் ஆளானாள்.

அதற்குப் பிறகு சொன்னார் பாருங்கள், அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. "உங்க புத்தகம்தானே ஃபாதர், நீங்களே ஒரு திகதியை எழுதிக்கொண்டு வாங்களேன்." வெளியே வந்தால் அவளை வெளிநாட்டு வேலைக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரர் இன்னொரு படி மேலே போனார். எழுதுவதுதான் எழுதுகிறீர்கள், ரெண்டு வயசு கூட்டிப் போடுங்கள், வேலைக்கு லேசு என்றார். மூதூர் ரிசானா நபீக்கை இவர்கள் மறந்துவிட்டார்களா? 1988இல் பிறந்த பிள்ளை, கடவுச்சீட்டில் 1982. 2005இல் சவூதிக்குப் போகும்போது அவளுக்குப் பதினேழு வயது. வேலை செய்த வீட்டில் ஒரு குழந்தை இறந்த வழக்கில் 2013 ஜனவரியில் அங்கே அவள் தலையை வெட்டினார்கள். சிறுமி என்று வாதாடப் போனபோது கடவுச்சீட்டில் இருந்த பொய்த் திகதிதான் குறுக்கே நின்றது. என் கையால் நான் அப்படி எழுத மாட்டேன் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன்.

எழுத மாட்டேன் என்று சொல்வது எனக்குச் சுலபம், போக வேண்டியவள் அவள். அந்த வாரம் முழுக்க அது என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. வெளிநாடு போகாதே, குடும்பம் குலையும் என்று பிரசங்கம் வைக்கும் சாமிமார் இருக்கிறார்கள். குலைந்த குடும்பங்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் நாட்சம்பளத்தில் பிள்ளையைப் படிக்க வைத்துக் காட்டுங்கள் என்று ஒரு தாய் திருப்பிக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஞாயிற்றுப் பூசைக்கு இப்போது வருவது பெரும்பாலும் பாட்டிமாரும் பேரப்பிள்ளைகளும்தான், நடுவில் உள்ள வயசு கொழும்புக் கடையிலோ வளைகுடாவிலோ இருக்கிறது. இந்தச் சனம் போவதும் வருவதும் இன்று நேற்றைய கதையா? 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியான இந்தச் சனத்தை நாடற்றவர்கள் ஆக்கியது, இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று தலையை எண்ணிப் பிரித்தது. தலைமன்னாரில் கப்பல் ஏறிப்போன குடும்பங்களிலிருந்து, தமிழ்நாட்டுக் கூடலூர், கோத்தகிரிப் பக்கமிருந்து, தாத்தாவின் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டு எனக்கு இன்னும் கடிதம் வருகிறது. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கேயே வாழ்ந்தவர்களுக்கும் அவர்கள் வழி வந்தவர்களுக்கும் குடியுரிமை என்று சட்டம் வந்தது 2003இல்தான். லூக்கா இரண்டாம் அதிகாரத்தைக் கிறிஸ்மஸ் இரவில் வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஓடும். பெயர் எழுத யோசேப்பு தன் ஊருக்குப் போனார், சரி. எங்கள் ஆட்கள் எந்த ஊருக்குப் போயிருக்க வேண்டும்?

வழி காட்டியது அவளுடைய பாட்டி. நானும் உபதேசியாரும் லயத்துக்குப் போய், பிறந்தது எப்போது, மழையா வெயிலா, தீபாவளிக்கு முன்னாலா பின்னாலா என்று குடைந்துகொண்டிருந்தபோது, அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த கிழவி திரும்பிப் பார்த்து, "ஏன் சாமி, இவ ஆத்தா பிள்ளைக்காசு வாங்குனாளே, அது ஆபீஸ்ல எழுதாமலா குடுத்தான்?" என்றார். எங்கள் யாருக்கும் தோன்றவில்லை! தோட்டத்தில் பேர் பதிந்த தொழிலாளிக்குப் பிள்ளைப்பேற்றுக் காசு கொடுக்க வேண்டும், பிறந்த திகதி இல்லாமல் அந்தக் கணக்கு முடியாது.

தோட்டத்து ஆபீஸின் பெரிய கிளாக்கர் முதலில் பழைய புத்தகமெல்லாம் இல்லை என்றார். நான் போய்விடுவேன் என்று நினைத்தார், நான் பெஞ்சில் உட்கார்ந்து செபமாலையை எடுத்தேன். இரண்டாம் காரணிக்கம் முடிவதற்குள் ஸ்டோரைத் திறக்க ஆள் போனது. கரையான் ஓரத்தைத் தின்ற பேரேட்டில் தாயின் பெயர், செக்ரோல் (தொழிலாளர் பேர்ப்பதிவு) இலக்கம், பெண் பிள்ளை, திகதி, பக்கத்தில் அவளுடைய பெருவிரல் அடையாளம். ஞானஸ்நானத்துக்கு மூன்று வாரம் முந்திய திகதி. பெரிய கிளாக்கரே உற்சாகமாகி, துரையிடம் கையொப்பம் வாங்கி, ஆபீஸ் தலைப்புத் தாளில் கடிதமாகக் கொடுத்தார்.

அதைக் கொண்டுபோய்ப் பதிவாளர் கந்தோரில் வைத்தபோது அதே மனிதர் ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிக்கொண்டார். எங்கள் புத்தகத்திலும் சும்மா எழுதிவிடவில்லை. ஆயர் இல்லத்துக்கு எழுதி, அனுமதி வந்த பிறகு, ஓரக்குறிப்பாக ஆதாரத்தோடு எழுதிக் கையொப்பம் வைத்தேன். கடவுச்சீட்டுக்குக் கண்டிக் கிளையிலேயே கொடுத்தோம், அதில் ஒரு தொல்லையும் இல்லை. படத்தை மட்டும் திணைக்களம் அங்கீகரித்த ஸ்டூடியோவில் எடுத்து அந்தத் துண்டை வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் எடுத்த படத்தோடு வந்து திரும்பிப் போனவர்களை அங்கே பார்த்தேன்.

இப்போது ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுக்க வருகிறவர்களிடம் கிளினிக் கார்ட்டையும் கொண்டுவரச் சொல்கிறேன். சிலருக்கு முணுமுணுப்பு, இருக்கட்டும். தொண்ணூறுகளில் எங்கள் கோயிலில் ஞானஸ்நானம் வாங்கியவர்கள், முக்கியமாக மேல் கணக்கு (தோட்டத்தின் மேற்பிரிவு) ஆட்கள், ஞாயிறு பூசை முடிந்ததும் பங்கு ஆபீஸுக்கு வந்து உங்கள் வரியை ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள். ஏஜென்சிக்காரர் டிக்கட் போட்ட பிறகு ஓடிவராதீர்கள். தாயின் செக்ரோல் இலக்கம் தெரிந்தால் அதையும் எழுதிக்கொண்டு வாருங்கள்.