தகரம் ஏன் படபடக்கிறது?

ஆடிக் காற்று தொடங்கினால் இலங்கை மலையகத்து மஸ்கெலியாவில் எங்கள் தோட்ட லயத்துக் கூரையில் ஒரு தகரம் பேசத் தொடங்கிவிடும். அதன் ஒரு மூலையில் ஆணி கழன்றிருந்தது. மெல்லிய காற்றுக்கு அசையாது. கொஞ்சம் ஏறினால் முனகும். ஓர் அளவைத் தாண்டினதும் படபடவென்று அடிக்கும், அப்புறம் இரவெல்லாம் தூக்கம் இல்லை. காற்று விட்டுவிட்டு வந்து தட்டுகிறது என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் இஸ்தோப்பில் நின்று பார்த்தபோது பக்கத்துக் காம்பராவின் அடுப்புப் புகை ஒரே சீராகச் சாய்ந்து போய்க்கொண்டிருந்தது. துள்ளியது தகரம் மட்டும்தான்.

இப்போது ஹட்டனில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் சொல்லிக்கொடுக்கிறேன். பரிவு (resonance) என்ற பாடம் வந்தால் யாராவது ஒரு பிள்ளை உதாரணமாக டகோமா பாலத்தைச் சொல்லும். அமெரிக்காவில் 1940 ஜூலை 1ஆம் திகதி திறந்து, அதே ஆண்டு நவம்பர் 7ஆம் திகதி மணிக்குச் சுமார் 64 கிலோமீற்றர் காற்றில் முறுகி விழுந்த பாலம். அது பரிவால் விழவில்லை. அந்தக் காற்றில் பாலத்துக்குப் பின்னால் காற்றுச் சுழிகள் செக்கனுக்கு ஏறக்குறைய ஒன்று என்ற கணக்கில் கழன்றிருக்கும். பாலமோ நிமிடத்துக்குப் பன்னிரண்டு தடவைதான் முறுகியது. மீடிறன், அதாவது செக்கனுக்கு எத்தனை தடவை என்ற கணக்கு, பொருந்தவே இல்லை. பிள்ளைகள் இதைப் பிழையாகப் படித்துக்கொண்டு போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

ஊஞ்சலை இன்னொருவர் நேரம் பார்த்துத் தள்ளுவது பரிவு. பாலத்தை விழுத்தியது படபடப்பு (flutter). அதில் தள்ளும் நேரத்தை ஆடுகிற பொருளே வகுத்துக்கொள்கிறது. விமானச் சிறகு வளையவும் செய்யும், முறுகவும் செய்யும். மேலே எழும்போது சிறகின் மூக்கும், அதாவது முன்விளிம்பும், சேர்ந்து உயர்ந்தால் காற்று அதை இன்னும் மேலே தள்ளும். இறங்கும்போது மூக்கு தாழ்ந்தால் இன்னும் கீழே. வேகம் குறைவாக இருக்கும்வரை ஆட்டத்தைத் தணிக்கிற அதே காற்று, ஒரு வேகத்துக்கு மேல் அதற்குத் தீனி போடுகிறது. சில செக்கன்களில் சிறகே முறிந்துவிடலாம்.

1916இல் ஹேண்ட்லி பேஜ் குண்டுவீச்சு விமானத்தின் வால் இப்படித்தான் பயங்கரமாக ஆடியது. வாலின் இரு பக்கத் தட்டுகளும் ஒன்றுக்கொன்று எதிராக அசைந்ததைக் கண்ட பிரித்தானியப் பொறியியலாளர் லான்செஸ்டர், இரண்டையும் விறைப்பான ஒரு குழாயால் இணைக்கச் சொன்னார்.

போன சனிக்கிழமை வகுப்பில் செய்து காட்டினேன். ஓர் அடி நீள ரெஜிபோம் (தெர்மோகோல்) துண்டைச் சிறகு மாதிரிச் சீவி, இரு முனையிலும் மேலும் கீழும் இறப்பர் பட்டி மாட்டி, மேசை ஃபேனுக்கு முன்னால் கட்டினேன். பின்விளிம்பில் ஒரு பத்து ரூபாய் நாணயக் குற்றியை ஒட்டி ஃபேனைக் கூட்டினதும் துண்டு கையை வைக்க முடியாத அளவுக்கு அடித்தது. வால் பாரமானால் எழும்பும்போது பின்பக்கம் பின்தங்கும், மூக்கு உயரும், அவ்வளவுதான். அதே குற்றியைக் கழற்றி முன்விளிம்பில் ஒட்டினேன். அதே காற்று, அதே பட்டி. துண்டு லேசாக நடுங்கிவிட்டு அப்படியே நின்றது. விமானச் சிறகின் அசையும் தட்டுகளில் கீலுக்கு முன்னால் ஈயம் வைப்பதும் இதற்குத்தான்.

பின்வாங்கில் இருந்த பிள்ளை எழுந்து வந்து, குற்றியை நடுவில் ஒட்டினால் என்னாகும் என்று கேட்டது. "நீயே ஒட்டிப் பாரு" என்று டேப்பைக் கொடுத்தேன்.